வெள்ளியை அணைக்கச் சொன்னவன்

“பிலோமினா, மாடியில எரியுற லைட்ட அணைம்மா.”

மெகாபோனை வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டு இதை முதலில் தமிழில் சொன்னேன். பதில் இல்லை. இந்தியில் சொன்னேன். அதற்கும் இல்லை. அந்த வெளிச்சம் மட்டும் அசையாமல், மங்காமல், ‘உன்னால் ஆனதைப் பார்’ என்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தது.

தீவின் மின்னி பே பகுதியில் எங்கள் சந்து முழுக்க இருட்டு. மண்டல் தாதா வீட்டு மீன்தொட்டி விளக்கைக்கூட அணைக்க வைத்துவிட்டேன். (வங்காளிகளுக்கு அண்ணன் என்றால் தாதா. சினிமாவில் வருகிற தாதாவுக்கும் இவருக்கும் தொடர்பில்லை. இவர் கரப்பான்பூச்சிக்கே வழிவிடுகிற ஆள்.) எதிர்வீட்டு மொட்டை மாடிச் சுவருக்கு ஒரு சாண் மேலே அந்த ஒற்றை விளக்கு மட்டும் வெள்ளை வெளேரென்று எரிந்தது.

கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்த நாட்கள். பிலோமினா வீட்டு மாடியில் மூங்கில் நட்டு, பெரிய காகித நட்சத்திரம் ஒன்று கட்டி, உள்ளே பல்பு போட்டிருந்தார்கள். சந்துக்கே தெரிந்த நட்சத்திரம். ஆகவே எனக்குச் சந்தேகம் என்பதே வரவில்லை.

“ஒரு வீட்டால ஊருக்கே ஆபத்து” என்று நான் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கியபோது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே பிலோமினா வந்தாள்.

“அண்ணாச்சி, ஸ்டார நான் சைரன் அடிக்கும்போதே அணைச்சிட்டேன்.”

“அப்ப மேல எரியுறது?”

அவள் அண்ணாந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அது வானத்து வெள்ளில்லா, அண்ணாச்சி.”

புத்தியுள்ளவன் அதோடு மெகாபோனைக் கீழே வைத்திருப்பான். நான் பதற்றத்தில் இருந்தேன். பதற்றத்தில் இருக்கும்போது என் வாய் என் மூளையிடம் அனுமதி கேட்பதில்லை.

“அத யாரு போட்டது?” என்றேன்.

விசில் என் கழுத்துக்கு வந்த கதை

அன்று ஊர் முழுக்கப் போர்க்கால இருட்டடிப்பு ஒத்திகை. சைரன் அடித்தால் எல்லா விளக்கையும் அணைக்க வேண்டும். மேலே இருந்து பார்க்கிற எவனுக்கும் இங்கே ஓர் ஊர் இருப்பது தெரியக் கூடாது. மறுபடி சைரன் அடிக்கும்வரை, அதாவது அரைமணி நேரத்துக்கு, அப்படியே இருக்க வேண்டும். அதற்காகத் தெருவுக்கு ஒரு தொண்டர்.

எங்கள் சந்தில் என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு வீரம் காரணமில்லை, குரல்தான் காரணம். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், மைக்கில் அறிவிப்புச் செய்வது என் பிழைப்பு. ஹேவ்லாக் தீவுக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கம், நீல் தீவுக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கம், கடல் கொந்தளிப்பாக இருப்பதால் இன்றைய படகு ரத்து, சாமான்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும். கடலைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். கப்பல் வேலை என்றதும் கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டில் இருக்கும் உறவினர்கள் என்னை மாலுமி என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் திருத்துவதில்லை.

உண்மையில் எனக்குக் கடல் என்றால் பயம். இது பரம்பரை. என் தாத்தாவின் அப்பா கைதிக் கப்பலில் இங்கே வந்தவர். என்ன குற்றம் என்பதில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கதை உண்டு. ஒரு கதையில் வெள்ளைக்காரனை அடித்தார். இன்னொன்றில் பக்கத்து வயல்காரனை அடித்தார். அத்தை சொல்கிற கதையில் அடித்தவர் வேறு யாரோ, இவர் வேடிக்கை பார்த்தவர். ஆனால் கப்பலில் வரும் வழியெல்லாம் அவர் நடுங்கிக்கொண்டே வந்தார் என்பது மட்டும் எல்லாக் கதையிலும் பொது. அவர் விட்டுப்போன சொத்தில் சேதாரமில்லாமல் என்வரை வந்துசேர்ந்தது அந்த நடுக்கம்தான்.

இப்படிப்பட்டவன் கையில் சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சையும் மெகாபோனையும் கொடுத்து, கழுத்தில் விசிலையும் மாட்டிவிட்டார்கள். மதியமே நான் வீட்டில் நடந்து பழகினேன். “ஏங்க, போர் வந்தா நீங்க கட்டிலுக்கு அடியில இருப்பீங்க. நான்தான் வெளிய போயி விசில் ஊதணும்” என்றாள் என் மனைவி சாந்தி. அவள் எதைச் சொன்னாலும் குரலை உயர்த்தாமல்தான் சொல்வாள். அதனால் அடி கொஞ்சம் உள்ளே இறங்கும்.

மெயின்லேண்ட் வாசகர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. எங்கள் தீவில் கடிகாரம் உங்களுடையது, சூரியன் எங்களுடையது. டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் அது கடையைக் கட்டிவிடும். நீங்கள் சாயங்காலக் காப்பிக்குப் பால் வைக்கிற நேரத்தில் நாங்கள் கொசுவத்தி ஏற்றியிருப்போம். ஆகவே இந்தக் கதையில் இருட்டு என்றதும் நடுராத்திரி என்று நினைக்க வேண்டாம். உங்கள் ஊரில் அப்போது பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்திருப்பார்கள்.

சிரிக்காதவள் ஒருத்தி

‘யாரு போட்டது’ என்று நான் கேட்டது மெகாபோன் வழியாக. சந்தின் இரண்டு பக்கமும் இருட்டு ஜன்னல்களில் இருந்து சிரிப்பு வந்தது. மண்டல் தாதா தன் பங்குக்கு, “ராஜு பாய், சாந்த் நிக்லேகா தோ உஸ்கோ பீ பந்த் கர் தேனா” என்றார். நிலா வந்தால் அதையும் அணைத்துவிடச் சொல்கிறார்.

சாந்தி போனைத் தூக்கி வானத்துக்கு நேரே பிடித்தாள். அதில் ஒரு செயலி வைத்திருக்கிறாள். எந்த வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாலும் அதன் பெயர் திரையில் வரும். பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றி அப்படி ஒன்று வந்தால் தேவலை என்று அவளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

“வீனஸ்” என்று வாசித்தாள். “சுக்கிரன். உங்க ஜாதகத்துல இல்லவே இல்லன்னு உங்கம்மா சொல்வாங்களே, அவரே நேர்ல வந்திருக்காரு. அவர விரட்டுறீங்க.”

மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்தேன். மாட்டிக்கொண்டால் முதலில் சிரித்துவிட வேண்டும் என்பது என் தொழில் தர்மம்.

பிலோமினா மட்டும் சிரிக்கவில்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், சிரிப்பு ஓய்ந்ததும் மெதுவாகச் சொன்னாள்.

“அவுக இன்னும் வரல, அண்ணாச்சி.”

அவுக என்றால் ஆரோக்கியம். அவள் புருஷன். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையில் இருந்து இளவயதிலேயே இங்கே வந்து, மீன் பிடித்து, இங்கேயே வீடு கட்டியவன். மதியம் தன் டோங்கியில் தனியாகக் கிளம்பி, ராஸ் தீவுக்கு வெளியே தூண்டில் போடப் போயிருக்கிறான். டோங்கி என்பது எஞ்சின் வைத்த சின்னப் படகு. பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவது அவன் வழக்கம். போன் போகவில்லை.

“ஊரு வெளிச்சத்தப் பாத்துதான வருவாவ. அதான் ஸ்டார வெள்ளனவே போட்டு வச்சேன். அதுக்குள்ள சைரன் அடிச்சிட்டு” என்றாள்.

நீதானே அணைக்கச் சொன்னாய் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பதிலுக்கு வாதாடியிருப்பேன்.

நான் சந்தைத் திரும்பிப் பார்த்தேன். அதுவரை எந்த இருட்டைப் பார்த்துப் பெருமைப்பட்டேனோ, அதே இருட்டு.

கேட்டில் தொங்கிய மீன்

ஆரோக்கியத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஒரு வருடம் புயல் அடித்து, மெயின்லேண்டில் இருந்து கப்பல் வரவே இல்லை. கடையில் காய்கறி என்று பூசணித் துண்டு மட்டும் இருந்தது, பிறகு அதுவும் இல்லை. அப்போது ஒருநாள் காலையில் எங்கள் வீட்டுக் கேட்டில் ஒரு பையில் மீன் தொங்கியது. மறுநாளும் தொங்கியது. யாரென்று கேட்க வேண்டியதே இல்லை. அந்தக் காற்றில் கடலுக்குப் போகிற கிறுக்கன் எங்கள் சந்தில் ஒருவன்தான்.

சிக்கல் என்னவென்றால், அப்போது நான் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தேன். வீட்டில் மீன் வாசனையே ஆகாது. அவனிடம் சொல்லலாம் என்று போனேன். வலைக்கு நூல் கோத்துக்கொண்டே, “என்ன வே, பிள்ளையளு நல்லா சாப்பிட்டுதா?” என்று கேட்டான். “நல்லா சாப்பிட்டாங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அந்த முகத்தைப் பார்த்து விரதம் என்று சொல்ல எந்த சாமியும் என்னைக் கட்டாயப்படுத்தியிருக்காது.

பிறகு தினமும் விடியற்காலையில் அவன் பையை மாட்டிவிட்டுப் போவான். நான் கறுப்பு வேட்டியோடு, மூக்கைப் பொத்திக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு போய் மண்டல் தாதா வீட்டுக் கேட்டில் மாட்டிவிட்டு வருவேன். மண்டல் தாதா என்னைக் கடவுளாகப் பார்த்த ஒரே காலம் அது. ஆரோக்கியத்துக்கு இன்றுவரை இது தெரியாது. இந்தப் பத்திரிகையை அவனுக்கு யாராவது வாசித்துக் காட்டினால்தான் உண்டு.

சாப்பிடாத மீனாலும் பசி ஆறும் என்பதை அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன்.

தரையில் லைஃப் ஜாக்கெட்

ஒத்திகை முடிந்த சைரன் அடித்தது. காத்திருந்த மாதிரி எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் எல்லா சுவிட்சையும் போட்டார்கள். விளக்கு, மின்விசிறி, தண்ணீர் மோட்டார், டிவி எல்லாம். கரண்ட் ஒரு மூச்சு வந்தது, பயந்துபோன மாதிரி திரும்பிப் போய்விட்டது. எங்கோ எதுவோ ‘டப்’ என்றது. சந்து மறுபடியும் இருட்டு. சந்து மட்டுமில்லை, மேட்டில் ஏறிப் பார்த்தால் ஊரின் பாதி இருட்டு.

நான் வீட்டுக்குள் ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது என் உடம்பில் லைஃப் ஜாக்கெட் இருந்தது. ஜெட்டியில் பழசைக் கழித்தபோது வீட்டுக்குக் கொண்டுவந்தது. ஆரஞ்சு நிறம், இடுப்பில் வார் இல்லாதது.

“ரோட்டுல யாரும் முங்க மாட்டாங்க. கழட்டுங்க” என்றாள் சாந்தி.

“அவசரத்துக்கு ஆகும்.”

“அச்சா. அப்ப ஸ்கூட்டர நான் ஓட்டுறேன். நீங்க மிதந்து வாங்க.”

ஆனால் அவள் அதற்குள் பிலோமினாவைத் தன் ஸ்கூட்டியில் ஏற்றிவிட்டிருந்தாள். பின்னால் நானும் தொற்றிக்கொண்டேன். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியின் முனையில் நின்றால் கிழக்கே துறைமுகத்தின் வாய் தெரியும். வெளிக் கடலில் இருந்து எந்தப் படகு உள்ளே வந்தாலும் அந்த வழியாகத்தான் வர வேண்டும். இந்த யோசனையும் அவளுடையதுதான். தினமும் அங்கே வேலை பார்க்கிற எனக்கு அது தோன்றவில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேலே போன படகு

ஜெட்டியில் ஜெனரேட்டர் விளக்கு ஒன்றிரண்டு அழுதுவடிந்துகொண்டிருந்தது. வாசலில் இருந்த காவலர் என் லைஃப் ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் உள்ளே விட்டார். முனைக்குப் போனோம். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத கறுப்பு. நார்த் பே கலங்கரை விளக்கம் மட்டும் சுற்றிச் சுற்றிக் கண்ணடித்தது.

கடலில் காணாமல் போனவர்களைத் தேடுகிற கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டேன். நல்லவேளை, எடுத்தவர் தமிழர். ஆரோக்கியத்தின் பெயர், போன திசை, கிளம்பிய நேரம் எல்லாம் கேட்டுக்கொண்டார். படகு என்ன நிறம் என்று கேட்டார். நீலம் என்றேன். பச்சை என்றாள் பிலோமினா. நீலமாகத் தெரிகிற பச்சை என்று சமாதானம் சொன்னேன். அவர் பொறுமையாக எழுதிக்கொண்டார். ரோந்துப் படகு ஒன்றை அனுப்புவதாகச் சொன்னார். அந்த மனிதரின் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பொறுமைக்கு இன்றும் நன்றிக்கடன்பட்டிருக்கிறேன். அடுத்து நடந்ததையும் அவர் அதே பொறுமையோடு தாங்கினார்.

கிழக்கே மேகத்தின் ஓரத்தை விட்டு ஒரு வெளிச்சம் வெளியே வந்தது. பளிச்சென்று, நிலையாக, பாலில் மஞ்சள் கலந்த மாதிரி. போன் இன்னும் என் காதில்தான் இருந்தது.

“ஸார், வந்துட்டான். லைட் தெரியுது.”

“எந்தப் பக்கம்?”

“கிழக்கே. நார்த் பே விளக்குக்குக் கொஞ்சம் இந்தாண்ட.”

“அசையுதா?”

உற்றுப் பார்த்தேன். ஜெட்டியின் இரும்புக் கம்பத்தோடு ஒட்டவைத்துப் பார்த்தேன். “ரொம்ப மெதுவா அசையுது ஸார்.”

“எந்தத் திசையில?”

“மேல.”

“மேலன்னா வடக்கயா?”

“இல்ல ஸார். வானத்துப் பக்கம்.”

சாந்தி என் கையில் இருந்து போனை வாங்கினாள். “ஸார், அது ஜூபிடர். படகு இன்னும் வரல. மன்னிச்சிக்கோங்க, இவரு கொஞ்சம் பதட்டமா இருக்காரு” என்றாள். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. “ஆமா ஸார், எப்பவுமே” என்று இவள் பதில் சொன்னது கேட்டது.

ஒரே தடத்தில் ஓடும் பஸ்

பிலோமினா ஜெட்டியில் படகு கட்டுவதற்கு இருக்கும் இரும்புக் குமிழ் ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். ஜெபமாலையை விரலில் சுற்றி வைத்திருந்தாள், ஆனால் உதடு அசையவில்லை. அவளை அந்த நிலையில் விட சாந்திக்கு மனம் வரவில்லை. பேச்சுக்கொடுக்க வேண்டும். எதைப் பற்றிப் பேசுவது? வரப்போகிற ஆளைப் பற்றிப் பேச முடியாது. வராவிட்டால் என்பதைப் பற்றியும் முடியாது. ஆகவே வானத்தைப் பற்றிப் பேசினாள்.

“பாரு பிலோமினா, கண் சிமிட்டுனா நட்சத்திரம். சிமிட்டாம முறைச்சுப் பாத்தா கோள். அவ்வளவுதான் வித்தியாசம்.”

“அண்ணாச்சி மாதிரி முழிச்சிட்டே இருக்கும்” என்றாள் பிலோமினா. அந்த நிலையிலும் என்னைக் கிண்டல் செய்ய அவளுக்குத் தெம்பிருந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

சாந்தி கையை நீட்டிக் காட்டினாள். மேற்கே சாய்கிறதே, அது வெள்ளி. எல்லாவற்றிலும் பெரிய வெளிச்சம். அது சூரியனை விட்டுத் தூரம் போகாது. அதனால் சாயங்காலம் மேற்கே, இல்லாவிட்டால் விடியற்காலை கிழக்கே. நடு வானத்தில் அர்த்தராத்திரியில் அதைப் பார்க்கவே முடியாது. கிழக்கே இருக்கிற மஞ்சள் வெள்ளை வியாழன். அது ராத்திரி முழுக்கக் காவல் இருக்கும். தெற்கே தள்ளி, சோகை பிடித்த மாதிரி மங்கலாக இருப்பது சனி. நாலாவது ஆள் செவ்வாய். சிவப்பு. அவன் இன்னும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கிழக்கே அதே பக்கம்தான் எழும்புவான்.

“எல்லாம் சூரியன் போன தடத்துலயேதான் போகும். ஒரே ரூட்ல ஓடுற பஸ் மாதிரி. அந்தத் தடத்துல தேடுனா போதும்.”

பிலோமினா ஒவ்வொன்றாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“இது அவுகளுக்கும் தெரியுமா, அக்கா?”

“எங்க இருந்தாலும் தெரியும்.”

“வெளிய இருந்து பாத்தா நம்ம ஊரு எந்தப் பக்கம்?”

“மேற்கே.”

“அப்ப வெள்ளி நம்ம ஊருக்கு மேலதான் நிக்கும்.”

மூவரும் மேற்கே திரும்பினோம். ஊர் இருட்டாக இருந்தது. அதன் தலைக்கு மேல், யாரும் போடாத, யாராலும் அணைக்க முடியாத அந்த ஒற்றை விளக்கு.

“அது எவ்வளவு நேரம் இருக்கும்?” என்று கேட்டாள் பிலோமினா.

சாந்தி போனில் பார்த்தாள். “கொஞ்ச நேரம் இருக்கும்” என்றாள். அவள் குரல் தாழ்ந்ததில் இருந்தே எனக்குத் தெரிந்தது, ரொம்ப நேரம் இருக்காது.

அதற்குப் பிறகு நாங்கள் கிழக்கைப் பார்த்ததைவிட மேற்கைத்தான் அதிகம் பார்த்தோம். ஒரு தடவை மேகம் வந்து அதை விழுங்கிவிட்டது. பிலோமினா எழுந்து நின்றுவிட்டாள். நான் மேகத்தை நோக்கிக் கையை வீசினேன், சாப்பாட்டு மேசையில் ஈயை விரட்டுகிற மாதிரி. மேகத்துக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும், விலகிற்று. சாயங்காலம் அணை, அணை என்று கத்தியவன் இப்போது மனதுக்குள், ‘அணைந்துவிடாதே தாயே, இன்னும் கொஞ்சம் எரி’ என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

எரிந்தது. பிறகு மலைத் தோளில் இறங்கி, ஒரு பொட்டாகச் சுருங்கி, போயே போய்விட்டது.

அலை ஜெட்டித் தூணில் அடிக்கிற சத்தம் அதுவரை இருந்ததா என்று தெரியவில்லை, அப்போதுதான் காதில் விழுந்தது. பிலோமினா ஜெபமாலையை விரலில் இருந்து அவிழ்த்துக் கையில் எடுத்தாள். கட்டுப்பாட்டு அறையில் இருந்து போன் வந்தது. ரோந்துப் படகு ராஸ் வரை போய்ப் பார்த்துவிட்டது, இன்னும் தேடுகிறார்கள் என்றார்கள். சிக்னல் விட்டு விட்டு வந்ததால் சாந்தி பேசிக்கொண்டே ஜெட்டியின் வாசல் பக்கம் நடந்து போனாள்.

செவ்வாய் ஆடுமா

பிலோமினாவும் நானும் மட்டும் நின்றோம். அப்போது கிழக்கே, கறுப்புக்கு நடுவில், வெகு தாழ்வாக ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தது.

பிலோமினா என் கையைப் பிடித்தாள். “அண்ணாச்சி, வெளிச்சம்.”

இந்தத் தடவை நான் ஏமாறத் தயாராக இல்லை. ஒரே சாயங்காலத்தில் வெள்ளியை விளக்கு என்றும் வியாழனைப் படகு என்றும் சொன்னவன் மூன்றாவதாக ஒரு தப்புச் செய்ய முடியாது. அதோடு, பொய்யான நம்பிக்கையை அவளுக்குக் கொடுத்துப் பிறகு பிடுங்குகிற தைரியம் எனக்கில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“மனச விட்ராதம்மா. அது செவ்வாய். சிவப்பா இருக்கு பாரு. எழும்புற நேரம். அக்கா சொன்னாள்ல.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அந்தப் பொட்டையே பார்த்தாள்.

“அண்ணாச்சி, செவ்வாய் ஆடுமா?”

“ஆடாது. கோள் எதுவும் ஆடாது. நிலையா நிக்கும்.”

“இது ஆடுது.”

பார்த்தேன். ஏறி இறங்கிற்று. இடது பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது. நான் காற்று, ஈரப்பதம், வளிமண்டலம் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அப்போது செவ்வாய் இருமியது.

நன்றாக, நெஞ்சில் இருந்து, பீடி குடிக்கிறவன் இருமுகிற இருமல். தண்ணீரின் மேலே தெளிவாகக் கேட்டது. அந்த இருமலை எங்கள் சந்தில் தினமும் காலையில் கேட்டுத்தான் நாங்கள் எழுந்திருப்போம்.

பிலோமினா கத்தவில்லை. அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். கத்தியது நான்தான். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. “படகு எண் குறிப்பிடப்படாத படகு இப்போது ஜெட்டிக்கு வந்துகொண்டிருக்கிறது” என்று மைக்கில் சொல்கிற ராகத்தில் கத்தியதாகச் சாந்தி சொல்கிறாள். அவள் ஓடிவந்து என் லைஃப் ஜாக்கெட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். விளிம்புவரை போய்விட்டேனாம்.

சிக்னல் கிடைக்காத போனை நனையாமல் சிவப்பு பாலிதீன் பையில் கட்டி, டார்ச்சைப் போட்டு, டோங்கியின் முனையில் செருகி வைத்திருந்தான் ஆரோக்கியம். எஞ்சின் மதியமே நின்றுவிட்டது. நீரோட்டம் வெளியே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஒற்றைத் துடுப்பு. படிக்கட்டில் ஏற அவனுக்குக் கால் வரவில்லை. நானும் காவலருமாகத் தூக்கிவிட்டோம். பாட்டில் தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி:

“எவன் வே ஊரையே அணைச்சது? பாத்துட்டே இருக்கேன், கண்ணு முன்னால ஒண்ணொண்ணா அவிஞ்சு போவுது. நான்தான் செத்துட்டேனோன்னு நெனச்சேன்.”

நான் கடலைப் பார்த்தேன். பிலோமினா சொன்னாள்.

“அண்ணாச்சிதான். வெள்ளியவும் அணைக்கச் சொல்லிச் சத்தம் போட்டாவ.”

அவன் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தான். லைஃப் ஜாக்கெட்டையும் பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியதும் சொன்னான்.

“நல்ல வேள. அது ஒண்ணாவது உம்ம பேச்சக் கேக்கல. அத மூக்குக்கு நேரா வச்சித்தான் துடுப்பு போட்டேன். அது எறங்குறதுக்குள்ள தொறமுக வாய்க்கு உள்ள வந்துட்டேன்.”

என் பேச்சைக் கேட்காதவர்கள் மேல் எனக்கு எப்போதும் வருத்தம் உண்டு. பிள்ளைகள், அலுவலகத்தில் இளையவர்கள், ஜெட்டியில் இடது பக்கம் என்றால் வலது பக்கம் போகிற பயணிகள். அன்றோடு அந்த வருத்தம் தீர்ந்தது. எல்லோரும் என் பேச்சைக் கேட்டிருந்தால் அன்று என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது, கேட்காத அத்தனை பேருக்கும் கும்பிடு போடத் தோன்றுகிறது.

சாந்தி கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்து, படகு வந்துவிட்டது என்றாள். “மேல இருந்தா?” என்று கேட்டாராம் அந்த மனிதர். கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது.

ஆட்டோ வரும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். பிலோமினா புருஷனைத் திட்டவுமில்லை, அழவுமில்லை. அவன் உள்ளங்கையை விரித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கை முழுக்கக் கொப்புளம். ஒவ்வொன்றின் மேலும் வாயைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தாள்.

அப்போது கிழக்கே, அவன் வந்த அதே பக்கத்தில், இன்னொரு சிவப்பு வெளிச்சம் தலைகாட்டியது. சாந்தி போனைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் தலையசைத்தாள். நான் கம்பத்தோடு ஒட்டவைத்து ஒருதரம் பார்த்தேன். ஆடவில்லை. இருமவில்லை. போன மானத்தைக் கொஞ்சமாவது மீட்டுவிடலாம் என்று பட்டது.

“பிலோமினா, அந்தா பாரு. இதுதான் நிஜமான செவ்வாய்” என்றேன்.

அவள் தலையைத் தூக்கவே இல்லை.

“வரட்டும் அண்ணாச்சி” என்றாள். “வர வேண்டியவுக வந்தாச்சு.”